அனுமதிக்கவா, தடுக்கவா?

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும், உங்கள் அத்தையும், நீங்கள் வாங்கித் தந்த கம்ப்யூட்டரும் நலம். இந்த மூன்றில் இரண்டு போன வாரம் நலமாக இல்லை, அதற்குக் காரணம் மீதி ஒன்று. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அங்கு நீங்களும் என் மகளும் நலம் என்று நம்புகிறேன். சின்னக்குட்டிக்குச் சளி விட்டதா? ஆபீஸ் விலாசத்துக்கு மாமனார் கடிதம் வந்திருக்கிறதே என்று பதற வேண்டாம். போனில் சொல்லலாமென்றால் என் மகள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுகிறாள், நான் தழுதழுக்கிற இடத்தில் குக்கர் விசிலடிக்கிறது. மின்னஞ்சலில் எழுதினால் அவளும் படிப்பாள், அப்புறம் அம்மாவும் மகளுமாக என்னை வைத்து ஒரு மாதம் ஓட்டுவார்கள். ஆகவே படித்ததும் கிழித்துவிடவும்.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஆன்டிவைரஸ் தேவையா என்று உங்களைக் கேட்டேன். “அதுலயே ஒண்ணு இருக்கு மாமா. அப்டேட் கேட்டா போட்டுடுங்க, தெரியாத ஆள் அனுப்புறதைத் திறக்காதீங்க, முக்கியமானதைத் தனியா ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கங்க. உங்களுக்கு அது போதும்” என்று நீங்களும் தெளிவாகச் சொன்னீர்கள். நான் “சரிங்க மாப்பிள்ளை” என்றேன். நான் ‘சரிங்க’ என்று சொன்னால் கேட்கப்போவதில்லை என்று அர்த்தம். இது உங்கள் அத்தைக்குத் தெரியும், உங்களுக்கு இப்போதாவது தெரியட்டும். எனக்கு ஒரு சந்தேகம். பெட்டியோடு கூடவே சும்மா வருகிற காவலாள் எப்படி வேலை பார்ப்பான்? தூங்கிக்கொண்டிருந்தால் யார் கேட்பது? இதை மாடிவீட்டு இன்சூரன்ஸ்காரரிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவர் எதைப் பார்த்தாலும் அது எரிந்துபோவதை முதலில் பார்ப்பவர். “சார், வந்தப்புறம் அழுறதா, வர்றதுக்கு முன்னாடி போடுறதா?” என்றார். அழுவதற்கு யாருக்கு ஆசை? அன்று சாயங்காலமே அவர் உட்கார்ந்து ஒரு ஆன்டிவைரஸைப் போட்டுக் கொடுத்துவிட்டு, காப்பி குடித்துவிட்டு, எங்கள் கூரையில் விரிசல் இருப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை, அந்த ஆன்டிவைரஸ் என்ன செய்தது தெரியுமா? என்னிடம் அனுமதி கேட்டது! திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் எழும்பி, இன்னார் உள்ளே வர விரும்புகிறார், அனுமதிக்கவா, தடுக்கவா என்று பணிவாகக் கேட்டது. நான் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன். ஒரு பெட்டிக்குள் நான் காலை வைத்தால் பெரிய மனிதர்கள்கூடச் சட்டைப்பையைத் தடவுவார்கள். ஓய்வு பெற்ற பிறகு இந்த வீட்டில் என்னிடம் யார் என்ன கேட்கிறார்கள்? “கொஞ்சம் நகருங்க, பெருக்கணும்” என்பதைத் தவிர என்னை நோக்கி ஒரு வாக்கியம் வருவதில்லை. அதிலும் கேள்விக்குறி கிடையாது. இந்த நிலையில் ஒரு பொருள் என் முன் கைகட்டி நின்று ‘அனுமதிக்கவா?’ என்றால் மனுஷனுக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள். தடு என்று அமுக்கினேன். சுகமாக இருந்தது. அப்புறம் கேட்டவனையெல்லாம் தடுத்தேன். வாயில் நுழையாத பேரோடு ஒருத்தன் வந்தான், தடு. அப்டேட் என்று ஒருத்தன் வந்தான், நேற்றுத்தானே வந்தாய், தடு. பிரிண்டர் நின்றுபோனது. சின்னக்குட்டி முகம் வீடியோவில் வராமல் போனது, உங்கள் பக்கத்து இன்டர்நெட்தான் மோசம் என்று நான் அடித்துச் சொன்னேன், நீங்களும் பொறுமையாக ஆளைக் கூப்பிட்டு வயரை எல்லாம் மாற்றினீர்கள். அந்த வயர் நல்ல வயர்தான் மாப்பிள்ளை. மன்னிக்கவும்.

இதோடு நின்றிருந்தால் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். உங்கள் அத்தை விஷயம் உங்களுக்குப் பாதிதான் தெரியும். லைப்ரரியில் வேலை பார்த்த காலம் முழுக்க “சத்தம் போடாதீங்க” என்று சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவள், இப்போது சத்தமாகப் புத்தகம் படிக்கிற வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். கண் தெரியாதவர்களுக்கும், படிக்க நேரமில்லாதவர்களுக்கும் புத்தகங்களைக் குரலில் பதிந்து கொடுக்கிற ஒரு நிறுவனம். ஒரு அத்தியாயத்தைப் படித்து, பதிவு செய்து, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அவள் அதற்காகப் பட்ட பாடு! சின்ன அறையில் எதிரொலி வராமலிருக்க பீரோவைத் திறந்து வைத்து, கதவில் போர்வை தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்தி, வேர்த்து வழிந்துகொண்டு ஒரு கப்பல் கதையைப் படித்தாள். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். கப்பல் தலைவனுக்கு ஒரு குரல், பயந்துபோன சமையல்காரனுக்கு ஒரு குரல். இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளிடம் இத்தனை பேர் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

படித்து முடித்ததும் சேமிக்கச் சொல்லி அமுக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்க வெளியே வந்தாள். நான், பார்த்துக்கொள்ளலாமே என்று உள்ளே போனேன். கட்டம் எழும்பியது. பேர் தெரியாத ஒருவன் உங்கள் கோப்புகளில் எழுத முயல்கிறான், அனுமதிக்கவா, தடுக்கவா? எங்கள் வீட்டுக் கோப்பில் வந்து எழுத நீ யாரடா என்று தடுத்தேன். தடுத்தது மட்டுமா, அவனைத் தூக்கி உள்ளே போடவா என்று அது கேட்டது, போடு என்றேன். அவன்தான் உங்கள் அத்தையின் குரலைப் பதிவு செய்த புரோகிராம். அவன் கையில் இருந்த அத்தியாயம் அவனோடு போயே போய்விட்டது.

“என்னங்க, நான் படிச்சதைக் காணோமே?”

“திருட்டுப்பய ஒருத்தன் வந்தான். பிடிச்சுப் போட்டுட்டேன்.”

அவள் திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். கத்தவில்லை. கதவிலிருந்து போர்வையை இறக்கி மடித்தாள். “விடுங்க. இந்த வயசுல எனக்கு எதுக்கு இதெல்லாம்” என்றாள். அவ்வளவுதான். டிக்கெட் இல்லாமல் ஏறி, மாட்டிக்கொண்டு, அடுத்த ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் பேசுகிற குரல் அது. இவளிடம் டிக்கெட் இருந்தது. கிழித்துப் போட்டது நான்.

நேரே போய் உட்கார்ந்து அந்த ஆன்டிவைரஸை நீக்கச் சொன்னேன். அது லேசில் போகிற ரகமா? நிச்சயமாக நீக்கவா என்றது. ஆபத்து வரும் என்றது. தள்ளுபடி தருகிறேன் என்றது. கடைசியில் நீங்கள் போவது எங்களுக்கு வருத்தம் என்று ஒரு அழுமூஞ்சிப் படம் போட்டது. யாரிடம்? அழுகையைப் பார்த்து மசிந்திருந்தால் நான் வேலையில் ஒரு நாள்கூடத் தாக்குப் பிடித்திருக்க மாட்டேன். ‘இறங்கு’ என்று சொல்லி இறக்கிவிட்டேன். கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டபோது, நீங்கள் சொன்னீர்களே, கூடவே வந்த காவலாள், அவன் தானாக எழுந்து, பாதுகாப்பாக இருக்கிறது என்று ஒரு பச்சை அடையாளம் காட்டினான். நான் வேறு ஆளைக் கொண்டுவந்ததும் பாவம் ஒதுங்கி நின்றிருக்கிறான், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவனுக்கு உங்கள் சுபாவம். அப்டேட்டுகளை எல்லாம் வரவிட்டேன். பதிவு செய்கிறவனையும் மறுபடி கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

அப்புறம் நானே போர்வையைத் தொங்கவிட்டு, “படி” என்றேன். “வேண்டாங்க” என்றாள். “அந்தச் சமையல்காரன் கப்பல்லேர்ந்து தப்பிச்சானா இல்லையான்னு எனக்குத் தெரியணும்” என்றேன். உள்ளே போய் ஃபேனை நிறுத்தினாள். இரண்டாவது தடவை இன்னும் நன்றாகப் படித்தாள். சேமித்ததும் முதல் வேலையாகத் தனியாக ஒரு காப்பி எடுத்தோம், பிறகு அனுப்பினோம். பதில் இன்னும் வரவில்லை. ஆனால் அவள் சமையலறையில் கப்பல் தலைவன் குரலில் என்னைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். வரும் என்றுதான் தோன்றுகிறது.

ஆகவே என் முடிவைத் தெரிவித்துக்கொள்கிறேன். எங்களைப் போன்றவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு, கூடவே வந்தது போதும். நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. இன்னொரு ஆன்டிவைரஸ் வேண்டியிருந்தது எனக்குத்தான், என்னை ஒரு ஆளாக மதித்துக் கேள்வி கேட்க. அந்த ஆசையும் தீர்ந்தது. இனிமேல் நான் யாரையும் எதையும் தடுப்பதாக இல்லை. பரிசோதகர் உத்தியோகத்திலிருந்து உண்மையிலேயே இன்றுதான் ஓய்வு பெறுகிறேன். இன்சூரன்ஸ்காரர் மாடிப்படி இறங்கும்போது சொல்லிப் பார்த்தேன். “அப்போ அந்தக் கூரை விரிசல்?” என்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். என் மகள் கோபித்தால் ‘சரிங்க’ என்று மட்டும் சொல்லுங்கள், அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் மூவருக்கும் சகல நன்மைகளும் உண்டாக எங்கள் ஆசிகள். சின்னக்குட்டிக்கு முத்தங்கள்.

அன்புடன்,
உங்கள் மாமனார்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் பதில் வந்துவிட்டது. உங்கள் அத்தையைச் சேர்த்துக்கொண்டார்கள்! குரல் பிரமாதம், நல்ல மைக் ஒன்று அனுப்புகிறோம், அதுவரை இருப்பதை வைத்துப் படியுங்கள் என்று எழுதியிருந்தார்கள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, இதை யாரிடமும் சொல்ல வேண்டாம். உடனே எனக்கொரு வேலையும் கொடுத்தாள். அவள் படிக்கிற நேரம் யாரும் மணியடிக்கக் கூடாது, பேசக் கூடாது. “வாசல்ல உக்காருங்க. உங்களைக் கேக்காம ஒருத்தரும் உள்ள வரக்கூடாது” என்றாள். ஆகவே மேலே நான் ஓய்வு பெற்றதாக எழுதியிருப்பதை அடித்துவிட்டுப் படிக்கவும். பழைய கோட்டைத் தூசி தட்டிப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். இன்சூரன்ஸ்காரரைத் தடுத்தேன். மறுநாள் ஹெல்மெட்டைக் கழற்றாமல், என் கண்ணைப் பார்க்காமல், கையில் ஒரு பெட்டியோடு ஒருவர் வந்தார். என் அனுபவத்தில் கண்ணைப் பார்க்காதவரிடம் டிக்கெட் இருந்ததில்லை. வாயில் விரலை வைத்து, அப்படியே திருப்பி அனுப்பினேன். அந்தப் பெட்டியில்தான் மைக் இருந்ததாம், அப்புறம் அவரே போனில் சொன்னார். நான் உள்ளே எட்டிப் பார்த்து இதைச் சொன்னதும் உங்கள் அத்தை சிரித்த சிரிப்பு அப்படியே கப்பல் கதையில் பதிவாகிவிட்டது, நாளை மறுபடி படிக்க வேண்டும். கூரியர்காரரும் நாளை மறுபடி வருகிறார். என் நாற்காலிக்கு எதிரே சுவரில் அவள் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள்: ‘ஹெல்மெட் போட்டவரை அனுமதிக்கவும்.’