வராந்தாவில் வைத்த நாற்காலிகள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் மருமகளும் நலம். நீயும் உன் வீட்டாரும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லையென்றால் இதற்குள் போன் செய்து என்னைக் கலங்கடித்திருப்பாய். ஆபீஸில் நேரத்தை மிச்சப்படுத்துவது பற்றி நீ அனுப்பிய புத்தகம் வந்து சேர்ந்தது. அச்சுப்பிழைகளைத் திருத்திவிட்டுப் படித்தேன்.

சென்ற முறை வந்தபோது நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "ஆறு மணிக்கு மேலயும் ஆபீஸ்ல லைட் எரிஞ்சா, சாவியை மருமக கையில குடுத்துட்டு நீ வீட்ல உக்காருக்கா. சனிக்கிழமை வந்து பாப்பேன்" என்றாய். பங்குதாரன், சொல்ல உனக்கு உரிமை உண்டு. ஆனால் உன் அத்தான் போன பிறகு, வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் இந்தக் கம்பெனியைக் கட்டி இழுப்பவள் நான். வீட்டில் உட்கார்ந்து நான் யாரை அதட்டுவது?

ஆகவே புத்தகம் சொன்னபடியே நடந்தேன். முதலில், காலை முழுவதும் என் அறைக் கதவைச் சாத்திவைத்தேன். யார் தட்டினாலும் பதில் சொல்லக்கூடாது என்பது விதி. அடுத்து, வருகிறவர்கள் உட்கார்ந்தால்தானே பேச்சு வளரும் என்று, மேசைக்கு எதிரே கிடந்த மூன்று நாற்காலிகளையும் தூக்கி வராந்தாவில் வைத்தேன். நம் ஆபீஸில் வராந்தாவில் இருக்கும் சாமான் எதுவானாலும் கேள்வி கேட்காமல் லாரியில் ஏற்றிவிட வேண்டும். ஆட்கள் ஒவ்வொரு பெட்டிக்கும் "அம்மா, இது போகுதா, அம்மா, அது போகுதா" என்று வந்து நிற்கிறார்களே என்று, நேரத்தை மிச்சப்படுத்த நானே போட்ட உத்தரவு அது. அன்றைக்குப் பார்த்து ஒரு பல் டாக்டர் கிளினிக்கை வேறு தெருவுக்கு மாற்றிக்கொண்டிருந்தார், அவருடைய சாமான்களும் நம் வராந்தாவில்தான் அடுக்கியிருந்தன. நம் டிரைவரைத்தான் உனக்குத் தெரியுமே, எதையும் இரண்டு தரம் கேட்பதால் எல்லோரும் 'சந்தேகம்' என்று கூப்பிடுகிறார்கள், அந்த மனிதர் வந்து கதவைத் தட்டினார்.

"அம்மா, இந்த நாற்காலிங்களும் போகுதா?"

விதிப்படி நான் வாயைத் திறக்கவில்லை. எந்த நாற்காலி என்று யோசிக்கவுமில்லை.

"அம்மா திட்டல. திட்டலைன்னா சரின்னுதானே அர்த்தம். ஏத்துங்கப்பா" என்று வெளியே குரல் கேட்டது.

மதியம் கதவைத் திறந்தால், முழங்கால் வலியோடு வந்த ஒரு வாடிக்கையாளர் அம்மாள் உட்கார இடமில்லாமல் என் மேசைமேல் சாய்ந்து நிற்கிறாள். நாற்காலி கொண்டுவர வராந்தாவுக்குப் போனால் வராந்தா துடைத்து வைத்தது போல இருக்கிறது. அவளை என் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, லாரி இரண்டாம் நடை கிளம்பும்போது நானும் ஏறிவிட்டேன். அதன் முன் இருக்கை எவ்வளவு உயரம் தெரியுமா? மதில்களுக்கு மேலே எல்லோர் வீட்டு மொட்டைமாடியும் தெரிகிறது. துணியை உதறி ஒழுங்காகக் காயப்போடுகிறவர்கள் யார், சுருட்டிக் கொடியில் வீசுகிறவர்கள் யார் என்று எல்லாம் தெரிகிறது. எந்தப் பக்கம் வண்டி வருகிறது என்று சந்தேகத்துக்கு நான் சொல்லிக்கொண்டே வந்தேன். அவருக்கு அது பெரிய உதவி.

கிளினிக்கில் நம் நாற்காலிகளில் மூன்று நோயாளிகள் உட்கார்ந்துவிட்டார்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "ஐயா, இது எங்க ஆபீஸ் நாற்காலி" என்றேன்.

"இருக்கட்டும்மா. என் பல்லு இந்த டாக்டரோடது. அவர் கூப்பிட்டாத்தான் எந்திரிப்பேன்."

வலியில் இருப்பவரிடம் நியாயம் பேச முடியுமா? ஒவ்வொருவராக உள்ளே போகும் வரை நின்றேன். கான்வென்டில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி, சுவரில் சாயாமல். டாக்டர் என்னையும் நோயாளி என்று நினைத்து வாயைத் திறக்கச் சொன்னார். திறந்து காட்டினேன். இந்த வயதில் இப்படி ஒரு பல்வரிசையா என்று உதவிக்கு இருந்த பெண்ணையும் கூப்பிட்டுக் காட்டினார்.

திரும்பி வந்தபோது ஆறுகூட ஆகவில்லை, ஆபீஸ் இருட்டாகக் கிடந்தது. எல்லோரும் வேலையை விட்டே போய்விட்டார்களோ என்று லாரியிலிருந்து அவசரமாக இறங்கினேன். மருமகள் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது அத்தை."

"லேபிளெல்லாம்?"

"எழுதி ஒட்டியாச்சு."

"கையெழுத்து?"

"படிக்கிற மாதிரி இருக்கு அத்தை" என்று சொல்லிவிட்டுச் சாவிக் கொத்தை என் கையில் வைத்தாள். குறும்பு இல்லாத பெண்தான். ஆனால் உதட்டோரத்தில் ஏதோ இருந்தது.

ஆக, உன் நிபந்தனை நிறைவேறிவிட்டது. நான் கொடுத்த பயிற்சி அப்படி. நான் இல்லாதபோதுகூட வேலை செய்கிறது. சாவி என்னிடமே இருக்கும். சனிக்கிழமை நீ தாராளமாக வரலாம், உட்கார நாற்காலி உண்டு. உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து படித்து நன்றாக முன்னுக்கு வரட்டும்.

அன்புடன்,
உன் அக்கா

பி.கு.: நேற்று கொண்டுவந்த நாற்காலிகளை ஆட்கள் வராந்தாவில்தான் இறக்கிவைத்தார்கள். இன்று காலை கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதும்போது, அவற்றை மறுபடி லாரியில் ஏற்றுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சந்தேகம் இரண்டு தரம் தட்டிக் கேட்டார். கதவு சாத்தியிருக்கும் நேரம், விதியை மீறக்கூடாது என்று பேசாமல் இருந்துவிட்டேன். இந்த முறை சாமான் மலைமேல் ஒரு வீட்டுக்குப் போகிறது. போய்வர ஞாயிறு ஆகிவிடுமாம். நாற்காலிகளை மீட்க வேறு யாரை நம்பி அனுப்புவது? இதோ, நானும் லாரியில் ஏறிக்கொள்கிறேன். சாவி மருமகளிடம் இருக்கிறது. நீ வந்தால் நின்றுகொண்டு பேசு, நேரம் மிச்சமாகும்.