அஞ்சு நிமிஷம் கேமராவைக் கொடு

ஆயிரத்துச் சொச்சம் கல்யாணங்களை வீடியோ எடுத்தவன் நான். எத்தனையோ மாப்பிள்ளைகளுக்கு வியர்வை துடைத்துவிட்டிருக்கிறேன். சிரிக்கவே தெரியாத மாமியார்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் ஒரு வீட்டாரின் கேசட்டைக்கூட நான் பாழாக்கியதில்லை. ஒரே ஒரு வீடு விதிவிலக்கு. என் வீடு.

இந்த விஷயம் இருபத்துநாலு வருஷமாக என் வயிற்றுக்குள்ளேயே பத்திரமாக இருந்தது. போன மாதம் ஒரு காலையில், நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது, தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"என்னங்க, அடுத்த ஞாயித்துக்கிழமை நமக்கு இருபத்தஞ்சாவது கல்யாண நாள்" என்றாள் என் மனைவி.

"ம்ம்."

"என் தம்பியையும் வரச் சொல்லியிருக்கேன். மூணு பேரும் உக்காந்து நம்ம கல்யாண கேசட்டப் பார்க்கிறோம்."

நுரையை விழுங்கிவிட்டேன்.

"அது பழைய கேசட்டும்மா. ஓட்டினா தேஞ்சு போயிடும்."

"வருஷா வருஷம் இதையேதான் சொல்றீங்க. ஓட்டாம வச்சு ஊறுகாயா போடப்போறோம்?"

"பிளேயர் வேற ரிப்பேர்."

"நேத்துதானே பேங்க்காரர் வீட்டு கேசட்டக் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுத்தீங்க?"

"அது வந்து... அவர் கேசட்டுக்கு மட்டும் ஓடுது."

"ஞாயித்துக்கிழமை நாலு மணி" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் வாய் கொப்பளித்த கையோடு தொட்டியில் கிடந்த பாத்திரமெல்லாம் தேய்த்து வைத்தேன். அவள் கேசட் பேச்சை எடுத்தாலே எனக்கு இப்படி ஏதாவது வேலை செய்யத் தோன்றும். குற்ற உணர்ச்சிக்குக் கை கால் முளைத்துவிடும்.

உங்களிடம் சொல்வதற்கென்ன. எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் இருக்கும். எங்கள் தெரு மண்டபத்தில் ஒரு கான்ட்ராக்டர் வீட்டுக் கல்யாணம். பாதியிலேயே கைவசமிருந்த கேசட்டெல்லாம் தீர்ந்துபோனது. வீட்டுக்கு ஓடிவந்தேன். அலமாரியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கவரின்மேல் என் கையெழுத்தில் 'எங்கள் கல்யாணம்'. கல்யாணத்தன்று மச்சினன் பொறுப்பாகக் கவரில் போட்டு என் கையில் கொடுத்த கேசட். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அதைப் பார்க்க நேரமே வாய்க்கவில்லை. வீட்டு பிளேயரில் எப்போதும் அடுத்தவன் கல்யாணம்தான் ஓடும்.

கேசட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. முக்கியமான கேசட் எதுவானாலும் நான் அதை உடைத்துவிடுவேன். இதிலும் உடைந்திருந்தது. ஆனால் அந்த ஓட்டையின்மேல் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டினால் மறுபடி பதியும். தொழில் தெரிந்தவனுக்கு மட்டும் தெரிந்த வித்தை. என் கெட்ட நேரம், எனக்குத் தொழில் தெரியும்.

முதல் பத்து நிமிஷத்தை மட்டும் கடன் வாங்கிக்கொள்வோம், அதில் மண்டப வாசலும் செருப்புகளும்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். அங்கே கான்ட்ராக்டரின் தங்கைகள் ஆட ஆரம்பித்தார்கள். மணப்பெண் வெட்கப்பட ஆரம்பித்தாள். எனக்கு உலகமே மறந்துபோனது. ஞாபகம் வந்து பார்த்தால், கேசட் முக்கால்வாசி போய்விட்டது.

மிச்சத்தையும் அவருக்கே கொடுத்துவிட்டு, காலி கேசட் ஒன்றை வாங்கி எங்கள் கவருக்குள் போட்டு வைத்தேன். ஒரு வாரம் கழித்துக் கான்ட்ராக்டர் கேட்டார்: "ஏம்ப்பா, கல்யாணம் முடிஞ்சதும் எவனோ ஒருத்தன் கடற்கரையில அழுதுகிட்டே ஓடுறானே, யாரு அது?" எங்கள் கல்யாணம் அவர் கண்ணில் படவில்லையே என்ற நிம்மதியில், டிவியில் ஓடிய படம் ஏதாவது தவறிப் பதிந்திருக்கும் என்று சமாளித்தேன்.

போனது கல்யாணம் மட்டும் என்றால் எப்படியோ மென்று முழுங்கியிருப்பேன். அதற்கடுத்த வருஷம் என் அப்பா இறந்துபோனார். கேமராவைக் கண்டாலே ஒதுங்கிப் போகிற மனுஷர். அவர் நடப்பதும் பேசுவதும் பதிவானது அந்த ஒரு கேசட்டில்தான். ஊரார் அப்பாக்களை எல்லாம் பத்திரமாகப் பதிந்து கொடுத்தவன், என் அப்பாவை நானே அழித்துவிட்டேன். இதை யாரிடம் சொல்வது? அதனால் பாத்திரம் தேய்த்தேன்.

சரி, ஞாயிற்றுக்கிழமை வருகிறதே. புதிதாக ஒரு கல்யாணத்தைத் தயாரித்துவிடுவது என்று முடிவுசெய்தேன்.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழைய கல்யாணங்களை எல்லாம் கிளறினேன். முகம் தெரியக்கூடாது. கை, கால், முதுகு, பின்னல் மட்டும். வேலை வேகமாக முடிந்திருக்கும். ஆனால் நான் பாட்டுக்கு உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அதெல்லாம் ஒரு காலம். தோளில் ஒரு குழந்தை கனத்துக்குக் கேமரா. பின்னாலேயே லைட்டும் வயரும். வெளிச்சம் முகத்தில் விழுந்ததும் பந்தியில் சாப்பிடுகிறவர் வாயை மூடிக்கொள்வார், மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல். பெரியவர்கள் போட்டோ என்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நிற்பார்கள். "அசையலாம் ஐயா, இது வீடியோ" என்று சொன்னால் கையை மட்டும் ஆட்டுவார்கள். இதய வடிவத்துக்குள் ஜோடியைச் சுழலவிட்டால் பெண் வீட்டார் கைதட்டுவார்கள். எத்தனை பேர் சந்தோஷத்தைக் கிட்டே நின்று பார்த்திருக்கிறேன்! அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு நிறைந்துபோகிறது.

எப்படியோ அரை மணி நேரக் கல்யாணம் ஒன்று தயாரானது. பழசாகத் தெரிய நடுவில் கோடுகளும் ஓடவிட்டேன்.

ஞாயிறு நாலு மணிக்கு மச்சினன் வந்தான். பேருந்து ஓட்டுகிறவன். எனக்கும் அவனுக்கும் ஒரு பழைய பாக்கி உண்டு. நான் எழுதி, இயக்கி, நடித்து, அழுத ஒரு குறும்படம். கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குப் போட்டுக் காட்டலாமென்று பையில் கொண்டுபோயிருந்தேன். அன்றைக்குக் காணாமல் போனதுதான். அவன்தான் எடுத்தான் என்று இருபத்தைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவனும் இருபத்தைந்து வருஷமாக அக்கா முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறான்.

"கேசட்டத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன்" என்று படத்தை ஓட்டினேன். ஒரு பெண்ணின் கால்கள் படியேறின.

"இது என் காலா?" என்றாள் மனைவி.

"பின்ன யாரு கால்?"

"எனக்கு ஆறு விரல் இல்லையே."

"அது நிழல்."

மச்சினன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அடுத்து ஒரு கை கையெழுத்துப் போட்டது.

"நான் இடது கைக்காரின்னு இன்னிக்குத்தான் தெரியுது."

"பழைய கேசட்ல இடம் வலமா மாறித் தெரியும்."

"அப்படியா? அது சரி, மாப்பிள்ளை பக்கத்துலயே நிக்கிறாரே?"

"கல்யாணம்னா மாப்பிள்ளை பக்கத்துலதானே நிப்பார்!"

"ஊர்ல எல்லாரும் நிப்பாங்க. நம்ம கல்யாணத்துல எங்க நின்னார்?"

இது என்ன கேள்வி என்று நான் முழித்தேன். அதற்குள் திரையில் ஒரு பெரியவரின் முதுகு வந்தது.

"உங்க அப்பா எங்கங்க?"

"அதோ... முதுகு."

"உங்க அப்பா குள்ளமாச்சே."

பதில் தயாராக வைத்திருந்தேன். ஆனால் யாரோ ஒருத்தரின் முதுகைக் காட்டி அப்பா என்று சொல்லிவிட்டேனே! படத்தை நிறுத்தினேன்.

"அழிச்சிட்டேன்மா. கான்ட்ராக்டர் வீட்டுக் கல்யாணத்தன்னிக்கு நானேதான் அழிச்சேன். அப்பாவும் அதோட போயிட்டார்."

"அப்பாடா! இந்த வார்த்தை வர இருபத்துநாலு வருஷமா?"

எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம். கல்யாணச் சேலையோடு வந்தாள். மடிப்பைப் பிரித்தால், உள்ளே ஒரு கேசட்.

"இது..."

"நம்ம கல்யாணம்."

"அப்போ நான் அழிச்சது?"

மச்சினன் இருமினான். "அத்தான், அது உங்க படம். உங்க பையில கைக்கு அதுதான் கிடைச்சுது. கவருக்குள்ள போட்டுக் குடுத்தேன்."

கடற்கரையில் அழுதுகொண்டே ஓடியவன் யாரென்று இப்போது எனக்குப் புரிந்தது. நான்தான்.

"அடிப்பாவி, நான் இத்தனை நாளாத் தவிக்கிறேன், ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"கேசட்டுன்னு சொன்னா நீங்க பாத்திரம் தேய்க்கிறீங்க, துணி காயப்போடறீங்க, எங்க அம்மாவப் பார்க்கக் கூட்டிட்டுப் போறீங்க. சொன்னா இதெல்லாம் நின்னுடுமே?" என்று சிரித்தவள் குரலை இறக்கினாள். "அப்பாவுக்காகத் தவிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. நீங்களா வந்து உண்மையச் சொல்லியிருந்தா அன்னிக்கே காட்டியிருப்பேன்."

பிளேயரில் கேசட்டைப் போட்டேன். படம் நடுங்கியது. அன்றைக்குக் கேமரா பிடித்தவன் என்னோடு தொழில் பழகிய நண்பன். பட்டப்பெயரே 'நடுக்கம்'. மாப்பிள்ளைக் கோலத்தில் நான் வருகிறேன். முறைக்கிறேன். "டேய், அஞ்சு நிமிஷம் கேமராவக் கொடு" என்கிறேன். என் உள்ளங்கை லென்ஸை மூடுகிறது. அதற்குப் பிறகு படம் பாறை மாதிரி அசையாமல் நிற்கிறது. அதற்குப் பிறகு நானும் இல்லை.

அஞ்சு நிமிஷம் என்றுதான் எனக்கு ஞாபகம். கேசட் மூன்று மணி நேரம் ஓடியது. எங்கள் கல்யாணத்தில் எல்லோரும் இருந்தார்கள், மாப்பிள்ளையைத் தவிர.

திடீரென்று அப்பா வந்தார். நேராகக் கேமராவைப் பார்த்து விரலை நீட்டினார். "டேய், அதக் கீழ வைடா. மாப்பிள்ளை நீதான்டா!" சொல்லிவிட்டுச் சிரித்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தச் சின்னச் சாய்வோடு நடந்துபோனார். நாலு தடவை திருப்பி ஓட்டினேன். திட்டு வாங்கிக்கொண்டே அழுதேன். மனைவியின் சேலைத் தலைப்பு என் பக்கம் வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தொழில்காரனாகப் பேசப் பார்த்தேன். "எல்லாம் சரி, பொண்ணு முழு நேரமும் கேமராவையே பார்த்துட்டு இருக்கு. அப்படிப் பார்க்கக்கூடாது."

"நான் கேமராவையா பார்த்தேன்?" என்றாள்.

அந்த முகத்தை இன்னொரு தடவை திருப்பி ஓட்டிப் பார்த்தேன்.

கடைசிக் காட்சி. மண்டபத்து மூலையில் மணப்பெண்ணும் தம்பியும். இது எனக்கு நன்றாக ஞாபகமிருந்தது. பிரியப்போகிற அக்கா தம்பிக்கு ஏதோ சொல்கிறாள் என்று நெகிழ்ந்துபோய்த் தூரத்திலிருந்து எடுத்தது. பேச்சுத் துல்லியமாக விழவேண்டும் என்று அவள் தோளில் நானே மைக் குத்தியிருந்தேன். ஹெட்போன் மாட்டினால் மாப்பிள்ளை கிராப் கலையும் என்பதால் அன்றைக்கு மட்டும் எதுவும் என் காதில் விழவில்லை. இன்றைக்குக் கணீரென்று விழுந்தது.

"தம்பி, கேசட்ட இவர் கையில மட்டும் குடுத்துடாத. சொந்தக் கல்யாணத்துலயே வேலை பார்க்கிற மனுஷன். எவன் கல்யாணத்துலயாவது கேசட் தீர்ந்தா இதைத்தான் தூக்கிட்டு ஓடுவார்."

அந்த வாக்கியம் முடிகிற வரைக்கும் நான் அவள் முகத்தை மெதுவாக நெருங்கிப் போயிருந்தேன், ஃபோகஸ் துளிகூடத் தப்பாமல்.