அந்தப் பாடம் இன்னும் வரவில்லை

சோம்பேறி என்று யாரும் சொல்லிவிட முடியாதபடி, ஓயாமல் உழைத்தே ஒரு வேலையும் செய்யாமல் இருக்கும் இனம் ஒன்று உண்டு. அடுத்தபாடக்காரர் என்று அதற்குப் பெயர் வைப்போம். கணினி பழுது பார்க்கும் துறையில் இந்த இனம் அமோகமாக விளைகிறது.

நமக்குத் தெரிந்த ஒருவரைப் பாருங்கள். வயது முப்பத்தாறு. கணினி அடிப்படை, அடிப்படைக்கு முன்னுரை, முறையாக அணைப்பது எப்படி, போனில் கத்தும் வாடிக்கையாளருக்குப் பணிவாக ‘ம்’ கொட்டுவது, அதே ‘ம்’ இரண்டாம் நிலை என்று பதினோரு சான்றிதழ்களை உறை போட்டு அடுக்கி, தலைமாட்டில் வைத்துக்கொண்டு, பன்னிரண்டாவதற்குப் படித்துக்கொண்டிருக்கிறார். வேலையா? அவசரப்பட்டால் ஆகுமா?

அப்பா ஒருமுறை கேட்டார்: “திரையில எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊருதுடா. கொஞ்சம் பெருசு பண்ணிக் குடேன்.”

“அது ஒன்பதாவது பாடம்ப்பா. பொறுங்க.”

அப்பா பொறுத்தார். எட்டாவது பாடத்தின்போது போய்ச் சேர்ந்தார். ஒன்பதாவதில் இவருக்கு நூற்றுக்கு நூறு.

அதன்பின் குடும்பபாரம் அக்கா தலையில் விழுந்தது. பள்ளிக்கூட அலுவலகம் ஒன்றில் எழுத்தர் அவள். ஒருநாள் மதியம் போன் செய்தாள்.

“டேய், இங்க கம்ப்யூட்டர் பாத்துக்க ஆள் எடுக்கிறாங்க. ஒரே ஒரு சர்டிபிகேட் போதுமாம். இன்னிக்குத்தான் கடைசி.”

“பதினொண்ணு இருக்குக்கா. பன்னெண்டாவதும் கைக்கு வந்துட்டா…”

“அதுக்குள்ள எனக்குப் பென்ஷன் வந்துடும். இதுக்கு மேல என்னால முடியலடா. கிளம்பு!”

கோப்பும் கையுமாகப் போனார். மேலாளர் கோப்பைத் திறக்கவே இல்லை. கீபோர்டைத்தான் நகர்த்தி வைத்தார்.

“காலையிலேருந்து ‘க’ விழ மாட்டேங்குது. ‘கட்டணம் கட்டவும்’னு அடிச்சா ‘ட்டணம் ட்டவும்’னு வருது. பெத்தவங்க போன் பண்ணிச் சிரிக்கிறாங்க. இதைச் சரி பண்ணுங்க, நாளைக்கே சேர்ந்துக்கலாம்.”

நம்மவர் விரல் நுனிகூடப் படாமல் கீபோர்டைச் சுற்றி வந்து பார்த்தார். படிக்காததைத் தொடுவது என்ன தர்மம்?

“சார், இப்பப் படிக்கிற பன்னெண்டாவது கோர்ஸ்ல கீபோர்டு நாலாவது பாடத்துல வருது. நான் மூணுல இருக்கேன். ஒரு மூணு வாரம் குடுத்தீங்கன்னா…”

பக்கத்து மேசையில் அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அப்போது கூட்டிப் பெருக்கும் அம்மா வந்தார். “காலைக் கொஞ்சம் தூக்குங்க தம்பி” என்று மேசையடியைப் பெருக்கினார். நிமிர்ந்தவர், மேலாளர் ஒரே பொத்தானைக் குத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தார். கீபோர்டை வாங்கிக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினார். பிஸ்கட் தூள், ஒரு ஊசி, யாருடைய நகமோ, எல்லாம் கொட்டின. மேலாளர் அடித்துப் பார்த்தார்.

கககககக.

“நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்துக்கங்கம்மா.”

“நான் தினமும் ஏழு மணிக்கே வர்றேனே சார்!”

வீடு திரும்பும் வழி நெடுக அக்கா பத்தடி முன்னாலேயே நடந்தாள். இவருக்கும் மனசு ஆறவில்லை. தெருமுனையில் நின்றுவிட்டார்.

“தப்புப் பண்ணிட்டேன்க்கா. கவுத்துப் போட்டுத் தட்டறது எத்தனாவது பாடத்துல வருதுன்னு அந்தம்மாகிட்டக் கேக்காம வந்துட்டேன்.”

சிரிக்கிறீர்களாக்கும். இருக்கட்டும். இதைப் படித்து முடித்துவிட்டுத் தொடங்கலாம் என்று எதை ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தீர்கள்? இதோ, முடிந்துவிட்டது. எழுந்திருங்கள்.

என்ன, அடுத்த பக்கத்தையும் பார்த்துவிட்டா?

சரிதான், வாருங்கள். வகுப்பில் இடம் இருக்கிறது.