அய்யாவு எஞ்சினுக்கு லோடு தேடின கதை

அல்சூர் ஏரிக்குப் பின்னால் ஒரு சந்து. அந்தச் சந்தில் குடியிருந்த அய்யாவு, தொண்ணூத்தாறாம் வருஷம் மாசி மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், தன் மனைவி தமயந்தியிடம் அந்த விஷயத்தைப் பேசியே தீருவது என்று முடிவு செய்தார். பேச நினைத்து எட்டு நாள் ஆகியிருந்தது. தைரியம் வந்து சேர அத்தனை நாள் பிடித்தது.

விஷயம் இதுதான். அவரிடம் ஒரு பழைய அம்பாசடர் இருந்தது. வயசான வண்டி. பெட்ரோலை மோர் மாதிரி குடிக்கும். பொங்கலுக்கு ஓசூர் போனபோது தமயந்தியின் அண்ணன் சிவசங்கரன் நாலு பேர் நடுவில், "மாப்ள வண்டியில பெட்ரோல் பங்க்லேர்ந்து அடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும் சுகமா போலாம்" என்று சொல்லிவிட்டார். நாலு பேரும் சிரித்தார்கள். தமயந்தியும் சிரித்தாள். அதுதான் அய்யாவுக்குச் சுட்டது.

"வைகாசியில உங்க பொண்ணு கல்யாணத்துக்கு இதே வண்டியில டீசல் எஞ்சின் போட்டுக்கிட்டு வர்றேன் மச்சான். நான் வர்ற சத்தம் கேட்டு நீங்க வாசலுக்கு வரணும்" என்று அங்கேயே சபதம் போட்டார்.

அய்யாவு ஃபேக்டரி ஸ்டோரில் உட்கார்ந்து நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிறவர். இருபத்தஞ்சு வருஷம் நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுத்தவனுக்கு எஞ்சின் தெரியாமல் இருக்குமா என்பது அவர் எண்ணம். சபதத்தில் அவருக்குப் பயமில்லை. பயமெல்லாம் வீட்டில்தான்.

காரணம் உண்டு. தமயந்தி இட்லி மாவு அரைத்து விற்கிறவள். பெங்களூரில் வெயில் ஏறினால் கரண்ட் இறங்கிவிடும். பாதி அரைக்கும்போது கிரைண்டர் நின்றுவிடும். அரைபட்ட உளுந்து அவளைப் பார்க்கும், அவள் உளுந்தைப் பார்ப்பாள். அதனால் ரெண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு சின்ன டீசல் எஞ்சின் வாங்கிக் கொடுங்களேன் என்று கேட்டாள். அய்யாவு ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணினார். டீசல் நாற்றமடிக்கும், காது கிழியும், தெருவே சண்டைக்கு வரும், குடும்பம் நடத்துகிற வீட்டுக்கு அது லாயக்கில்லை.

அதே வாயால் இப்போது டீசல் எஞ்சின் வாங்கப் போகிறேன் என்று சொல்ல வேண்டும். ஏழு காரணம் தயார் பண்ணி, மனப்பாடம் பண்ணி, சமையல்கட்டு வாசலில் போய் நின்றார்.

"தமயந்தி, வண்டிக்கு டீசல் எஞ்சின் போடலாம்னு இருக்கேன்."

"சரிங்க" என்றாள் அவள்.

ஏழு காரணத்தையும் கையில் வைத்துக்கொண்டு அய்யாவு முழித்தார். வீணாகப் போகிறதே என்று முதல் ரெண்டை மட்டும் சொல்லிப் பார்த்தார். அதற்கும் சரி என்றாள். மனுஷன் அங்கேயே உஷாராகி இருக்கணும். ஆகவில்லை. பொண்டாட்டி சட்டென்று சரி சொன்னால், புருஷனுக்கு சந்தோஷம் முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. யோசனை பின்னால் மெதுவாகத்தான் வரும்.

சிவாஜிநகர் குஜிரியில், அதான் காயலான் கடை வரிசையில், ஒரு கழித்துப்போட்ட ஸ்கூல் வேனின் எஞ்சின் கிடைத்தது. வேலைக்கு நோயல் என்கிற மெக்கானிக் வந்தான். எஞ்சின் மேல் ஸ்குரூட்ரைவரை ஊன்றி, அதன் பிடியைக் காதில் வைத்துக் கேட்டே வியாதி சொல்லுகிறவன். காலையில் அவன் வேலைக்கு வந்ததும் தமயந்தி நாலு தோசை வைப்பாள். சட்னி ரெண்டு தினுசு. அவனும் 'அக்கா அக்கா' என்று உருகுவான்.

பழைய பெட்ரோல் எஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்கி, வீட்டுக் கார் ஷெட்டின் மூலையில் ஒரு டயர் மேல் உட்கார வைத்து, கோணியைப் போர்த்தினார்கள். டீசல் எஞ்சினைப் பிரித்து புது ரிங், புது லைனர் எல்லாம் போட்டு முடித்தான் நோயல். அய்யாவு சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, மாட்டலாமா என்றார்.

"அவசரப்படாதீங்க பிரதர். ரன்னிங்-இன் பண்ணணும், புது ரிங் பழகணும்" என்றான் நோயல். "இருநூறு மணி நேரம். கீழ வச்சே ஓட்டணும். சொல்ப பொறுங்க, கொஞ்ச நாள்தான்."

வண்டியில் மாட்டி மெதுவாக ஓட்டினால் ஆகாதா என்று அய்யாவு கேட்டார்.

"ஆகும். ஓசூர் ரோட்டுல நடுவுல புடிச்சுக்கிட்டு நின்னுச்சுன்னா உங்க மச்சான் முன்னாடி வண்டியை யாரு தள்ளுறது?"

அய்யாவு கண் முன்னால் அந்தக் காட்சி வந்து போனது. மச்சான் பின்னாலிருந்து தள்ளுகிறார், சிரித்துக்கொண்டே. கீழேயே வைத்து ஓட்டலாம் என்று உடனே ஒத்துக்கொண்டார். ஷெட்டில் சிமெண்ட் மேடை கட்டி, அதன் மேல் எஞ்சினைப் போல்ட் போட்டு முடுக்கினார்கள். சூடு தணிய பக்கத்தில் ஒரு டிரம் தண்ணீர், அதற்கு ரெண்டு ரப்பர் குழாய். அப்புறம்தான் நோயல் அடுத்த குண்டைப் போட்டான். டீசல் எஞ்சின் சும்மா ஓடக்கூடாதாம். சும்மா ஓடினால் உள்ளே வழவழவென்று ஆகி, ஆயில் குடிக்க ஆரம்பித்துவிடுமாம். அது எதையாவது இழுக்கணும். லோடு வேணும்.

லோடுக்கு எங்கே போவது? அய்யாவு சுற்றிலும் பார்த்தார். சமையல்கட்டு ஓரத்தில் தமயந்தியின் பெரிய கிரைண்டர் இருந்தது. பெல்ட் போட்ட கிரைண்டர். அவர் மூளை பளிச்சென்று எரிந்தது. அது தன்னுடைய மூளைதான் என்று அவர் கடைசி வரைக்கும் நம்பினார்.

தமயந்தி ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "என் பொழப்பு அதுலதான் ஓடுது. அதைக் கொண்டுபோய் உங்க இரும்புக்குக் கட்டுவீங்களா?" என்றாள். அய்யாவு மூணு நாள் கெஞ்சினார். மூணாம் நாள் அவள் மனமிரங்கி, கண்டிஷன் போட்டாள். காலையில் அஞ்சு மணிக்கு அவரே எழுந்து எஞ்சினை ஸ்டார்ட் பண்ணணும். டீசல் அவரே ஊத்தணும். அரைக்கிற நடுவில் நிறுத்தக்கூடாது. சாயங்காலம் ஃபேக்டரி விட்டு வந்ததும் இன்னொரு தடவை. அய்யாவு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பொண்டாட்டியை மடக்கிவிட்ட தெம்பில் அன்றைக்கு ரெண்டு வாய் சோறு கூடவே இறங்கியது.

மறுநாள் காலையில் எஞ்சின் உயிர் பெற்றது. ஏரிக்கரையில் தூங்கின கொக்கெல்லாம் கிளம்பிப் போய்விட்டன. பக்கத்து வீட்டு வெங்கடராமன் இடுப்புத் துண்டோடு வந்து நின்றார். ரயில்வே பட்டறையில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். எஞ்சினைப் பார்த்தார், பெல்ட்டைப் பார்த்தார், கிரைண்டரைப் பார்த்தார். என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் தமயந்தி ஒரு தூக்குப் பாத்திரம் நிறைய மாவை அவர் கையில் கொடுத்துவிட்டாள். வாய் மூடிக்கொண்டது. தினமும் தூக்கு போனது. தினமும் வாய் மூடியே இருந்தது.

பத்து நாள் கழித்து நோயல் ஸ்குரூட்ரைவரைக் காதில் வைத்துக் கேட்டு, உதட்டைப் பிதுக்கினான். "லோடு பத்தல பிரதர். யானை மேல பூனை உக்காந்த மாதிரி இருக்கு."

அய்யாவு பதறிப்போய் இன்னொரு கிரைண்டர் வாங்கிவந்தார். தமயந்தி முகத்தைச் சுளித்தாள். இத்தனை மாவை யார் வாங்குவார்கள், வீடு வீடாகப் போய்க் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது என்றாள். நீ ஏன் போகணும், நான் இருக்கிறேனே என்று அய்யாவு கிளம்பினார்.

கிளம்பினவர் ஓயவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு, பேச்சிலர் பையன்கள் சாப்பிடுகிற மெஸ், லேடீஸ் ஹாஸ்டல், ரெண்டு டிபன் கடை, தெருக்கோடி வரைக்கும் வீடுகள் என்று ஒவ்வொரு வாசலிலும் நின்றார். தமிழில் கேட்டார், கன்னடத்தில் கேட்டார். "கரண்ட் இருந்தாலும் இல்லாட்டியும் காலையில ஆறு மணிக்கு மாவு வரும். நான் கேரண்டி" என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னார். ஊரில் தினமும் நாலு மணி நேரம் கரண்ட் போன கோடை அது. மற்ற கிரைண்டரெல்லாம் படுத்துவிட, அய்யாவு வீட்டு எஞ்சின் மட்டும் முழங்கிக்கொண்டே இருந்தது. ஆர்டர் குவிந்தது. புது ஆர்டர் கிடைக்கும்போதெல்லாம் அவர் ஓடிவந்து, "தமயந்தி, லோடு ஏறுது" என்பார். அவள் பாவம், உங்களுக்காகத்தான் செய்கிறேன் என்பாள். டிரம்மில் காய்ந்த தண்ணீரில் பாத்திரமும் கழுவிக்கொண்டாள்.

ஷெட் சுவரில் அய்யாவு கரிக்கட்டியால் மணிக்கணக்கைக் கோடு போட்டு வந்தார். சித்திரை முடிவில் நூற்றிமுப்பது ஆகியிருந்தது. அந்தச் சமயத்தில் ஓசூர் மச்சானுக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டார். ஓசூரிலும் கரண்ட் தொல்லை, கல்யாணத்துக்கு அறுநூறு பேருக்கு இட்லி, மாவை நினைத்தால் தூக்கம் வரவில்லை என்று சிவசங்கரன் புலம்பினார். அறுநூறு பேர் மாவு. அய்யாவு காதில் அது எப்படிப்பட்ட லோடாக விழுந்திருக்கும்!

"மாவு என் பொறுப்பு மச்சான். வாக்கு குடுத்துட்டேன்" என்றார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கோடு இருநூறைத் தொட்டது. அய்யாவு வேலிப் பக்கம் போய், நாளைக்கு எஞ்சின் வண்டியில் ஏறுகிறது என்று வெங்கடராமனிடம் பெருமையாகச் சொன்னார். ரன்னிங்-இன் முடிந்தது என்றார்.

வெங்கடராமன் இடுப்புத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "சார், புது ரிங் போட்ட எஞ்சினை வண்டியில மாட்டி, கொஞ்ச நாள் வேகமா போகாம ஓட்டுவா. அதுக்குப் பேர்தான் ரன்னிங்-இன். இருநூறு மணி நேரம் மாவாட்டற ரன்னிங்-இன்னை நான் ரயில்வேயில கூடப் பார்த்ததில்லை."

"அப்போ முதல் நாளே ஏன் சொல்லல?"

"உங்களுக்குத் தெரிஞ்சுதான் பண்றேள்னு நெனச்சேன்" என்றார் வெங்கடராமன். அப்புறம் நியாயஸ்தர் ஆகையால், "மாவும் நன்னா இருந்தது" என்று சேர்த்துக்கொண்டார்.

அய்யாவு புயல் மாதிரி உள்ளே வந்தார். தமயந்தி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நோயலுக்கு இருநூறு மணி நேரம்னு சொல்லிக் குடுத்தது யாரு?"

"நான்தாங்க."

இல்லை என்று அவள் சாதிப்பாள், பிடித்து உலுக்கலாம் என்று வந்தவர் அவர். மறுபடியும் கையில் இருந்ததெல்லாம் வீணாகிப் போனது.

"ரெண்டு வருஷம் முன்னாடி நான் ஒரு எஞ்சின் கேட்டேன். தெருவே சண்டைக்கு வரும்னீங்க" என்றாள் தமயந்தி. "வாசல்ல போய்ப் பாருங்க. தெருவே பாத்திரத்தோட நிக்குது."

அய்யாவு எட்டிப் பார்த்தார். நின்றது.

"இப்பவே கழட்டி வண்டியில மாட்டுவேன்" என்றார். குரலில் காற்றுதான் அதிகம் வந்தது.

"மாட்டிக்கோங்க. நான் தடுக்கல. அண்ணனுக்கு மட்டும் ஒரு போன் போட்டு, அறுநூறு பேருக்கு மாவு இல்லன்னு சொல்லிடுங்க. அப்படியே மெஸ்ஸுக்கும் ஹாஸ்டலுக்கும். கேரண்டி குடுத்தது நீங்கதானே, நான் போய்ச் சொன்னா நல்லா இருக்காது."

அய்யாவு போன் பூத் வரைக்கும் விறுவிறு என்று நடந்தார். பூத்துக்குள் கொஞ்ச நேரம் நின்றார். கடைக்காரன் போன் பண்றீங்களா என்று கேட்டான். நேரம் என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

திரும்பி வந்தால் நோயல் ஷெட்டில் இருந்தான். கோணியை எடுத்துப் போட்டு, பழைய பெட்ரோல் எஞ்சினையே வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். அக்கா சொன்னாங்க என்றான். "ஒண்ணும் கஷ்டமில்ல பிரதர். வண்டியில பழைய எஞ்சினைத் தாங்குற மவுண்டிங் எல்லாம் அப்படியே இருக்கு, டீசலுக்காக நான் ஒண்ணையும் மாத்தவே இல்ல." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது அவனுக்கு. சட்டென்று வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டான். சாயங்காலம் வரைக்கும் வெளியே வரவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம், பின் சீட்டையே கழட்டிவிட்டு மாவு டிரம்களை அடுக்கிக்கொண்டு அம்பாசடர் ஓசூர் ரோட்டில் போனது. பெட்ரோலில். பொம்மசந்திரா தாண்டியது. அப்புறம் அய்யாவு, உங்க அண்ணன் கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுவேன் என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். கேட்டபோது அவர் முகம் சின்னப் பையன் முகம் மாதிரி இருந்தது. தமயந்தி டிரம் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

மண்டப வாசலில் வண்டி நின்றது. சிவசங்கரன் தற்செயலாகத்தான் வெளியே வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"டீசல் எஞ்சின் போட்டுக்கிட்டு வர்றேன்னீங்க. சத்தமே கேக்கலியே மாப்ள?"

நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். பொங்கலுக்குச் சிரித்த அதே நாலு பேர். அய்யாவு குனிந்து டயரைப் பார்த்தார்.

"அதாண்ணே இவரு கைவேலை" என்றாள் தமயந்தி. "லாரி மாதிரி சத்தம் போடுற டீசல் எஞ்சினை யாரு வேணா போடுவாங்க. இவரு இருநூறு மணி நேரம் உசுரை விட்டு உழைச்சாரு. நீங்களே பாருங்க, பூனை மாதிரி வந்து நிக்குது."

சிவசங்கரன் வாயைப் பிளந்தார். பானெட்டைத் தொட்டுக் கும்பிடாத குறை. நாலு பேரில் ஒருத்தர் அய்யாவு கையைப் பிடித்துக் குலுக்கினார். அய்யாவுக்கு நெஞ்சு ரெண்டு அங்குலம் விரிந்தது. தமயந்தியை அவர் பார்த்த பார்வையில் அத்தனை கோபமும் கரைந்து ஓடிவிட்டது.

"மாப்ள, என் கடைக்குப் பின்னாடி பழைய ஜீப்பு ஒண்ணு நிக்குது" என்றார் சிவசங்கரன் பவ்யமாக. "அதுக்கும் இதே மாதிரி சத்தமில்லாத டீசல் எஞ்சின் ஒண்ணு போட்டுக் குடுக்கணும். எஞ்சின் எவ்வளவு ஆனாலும் நான் வாங்கிக் குடுத்துடறேன்."

"அதுக்கென்ன மச்சான், ஒரு மாசத்துல முடிச்சிடலாம்" என்றார் அய்யாவு, நின்ற இடத்தில் கொஞ்சம் உயர்ந்து.

தமயந்தி முதல் டிரம்மை இறக்கிக்கொண்டே திரும்பினாள். "ஒரு மாசம் எப்படிங்க பத்தும்? இருநூறு மணி நேரம் லோடுல ஓடணுமே. மிளகாய்ப் பொடி மிஷினுக்கு நேத்தே சொல்லி வச்சிட்டேன்."