மலைப் பந்தயத்தில் டபுள்ஸ்

ஆவடி,
அக்டோபர் 1994

என்றும் என் மதிப்புக்குரிய பூந்தமல்லி மச்சான் எட்மண்ட் அவர்களுக்கு, ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து உங்கள் தங்கை செலினின் கணவன் இக்னேஷியஸ் எழுதிக்கொண்டது. மாதாவின் கருணையால் இங்கு நானும் செலினும் மகள் ஜெயகுமாரியும் நலம். அங்கு அக்கா, பிள்ளைகள், உங்கள் முழங்கால் வலி எல்லாம் எப்படி இருக்கின்றன என்று எழுதவும். நலம் என்று நான் எழுதியது கடித மரியாதைக்காக. உண்மையில் என் சைக்கிள் கேரியரில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவரை இறக்கிவிடவும் முடியாமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல் தவிக்கிறேன்.

நான் இமாசலப் பிரதேசத்து மலைச் சைக்கிள் பந்தயத்துக்குப் போனது உங்களுக்குத் தெரியும். போன வருஷம் எங்கள் ஃபாக்டரி மெஷின் ஷாப்பிலிருந்து போன கோவிந்தராஜ், நம் கரையான்சாவடி ஆள், மூடுபனியில் பாதை தவறிப் போனார். மிலிட்டரிக்காரர்கள் தேடி சைக்கிளை மட்டும் எடுத்துவந்தார்கள். அதனால் இந்த வருஷம் ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. நான் கேன்டீனில் வடை தின்றுகொண்டே, "மலை இன்னா பெரிய மலை, நான் போறேன்" என்று ஒரு வார்த்தை விட்டேன். வடை தொண்டையில் இறங்குவதற்குள் என் பெயரை எழுதிவிட்டார்கள். பயிற்சி எடுக்க நம் பக்கத்தில் மேடு ஏது? செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் ஏறி இறங்கினேன். அங்கே ஆடு மேய்க்கிற வேம்புலி தினமும் என்னைப் பார்த்து, "இன்னா சார், எதுனா தொலைச்சிட்டியா?" என்று கேட்டு மனத்தைப் புண்படுத்தினார். ஃபாக்டரி கிளப்பில் கொடுத்த மலைச் சைக்கிளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அத்தனை கியர் வைத்தவர்கள் ஒரு ஸ்டாண்டு வைக்கவில்லை, கேரியர் வைக்கவில்லை. கேரியர் இல்லாத சைக்கிளில் டிபன் பாக்ஸை எங்கே வைப்பது? நானே வாங்கி மாட்டினேன். மலையில் பந்தய அதிகாரி அந்தக் கேரியரைத் தட்டித் தட்டி இந்தியில் நெடுநேரம் பேசினார். பாராட்டுகிறார் என்று நினைத்துக் கைகுலுக்கினேன்.

உயரத்தில் காற்றுக் குறைவு, தலை கிறுகிறுக்கும், இல்லாத சத்தம் காதில் கேட்கும் என்று முகாம் டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கணவாய்க்குக் கொஞ்சம் கீழே எல்லோரும் என்னை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டார்கள். மூடுபனி இறங்கிவிட்டது. ஒரு காக்காய்கூட இல்லை மச்சான். அப்போது பின்னால் யாரோ தமிழில், அதுவும் நம் ஊர்த் தமிழில், "அண்ணாத்தே, ஒரு டபுள்ஸ் குடேன்" என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். பக்கத்து மெஷினில் வருஷக்கணக்காகக் கேட்ட கோவிந்தராஜின் குரல். உயிரோடு இருந்தபோது அவன் இவன் என்று கூப்பிட்டவன்தான். இப்போது மரியாதை தானாக வருகிறது. அலறியிருக்க வேண்டும். ஆனால் நம் பக்கத்துப் பழக்கம், டபுள்ஸ் கேட்டால் வாய் முந்திக்கொண்டு "குந்து" என்று சொல்லிவிடுகிறது. சொல்லிவிட்டேன். பின்சக்கரம் அமுங்கியது. இடுப்பில் ஒரு கை வந்து பிடித்தது. ஸ்வெட்டரைத் தாண்டி இறங்கிய அந்தக் குளிரில் இன்றைக்கும் அந்த இடம் மரத்துக் கிடக்கிறது. திரும்பிப் பார்க்கப் போனேன். "என்னப் பாக்காத அண்ணாத்தே, ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார். எங்கே போக வேண்டும் என்று கேட்டேன். "ஊட்டாண்ட உட்டுடு. சுசீலா தனியா கீது."

மேடு வந்ததும் மரியாதையாக இறங்கித் தள்ளினார். டபுள்ஸ் வருகிற யாரும் செய்வதுதான். ஆனால் தள்ளுகிறவருக்குக் காலடிச் சத்தம் கேட்க வேண்டுமே? சரளைக் கல்லில் என் டயர் சத்தம் மட்டும்தான் கேட்டது. அவர் தள்ளிய வேகத்தில் மலை ஊர்க்காரர்களையே தாண்டினேன். பள்ளத்தில் மறுபடி ஏறிக்கொண்டார். இரண்டு ஆள் பாரத்தில் பிரேக் கட்டை தேய்ந்து நாறியது. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் அதே அதிகாரி என்னிடம் இரண்டு விரலைக் காட்டினார். இரண்டாம் பரிசு என்று அங்கேயே முழங்காலிட்டு ஜெபம் செய்தேன். பிறகுதான் இந்தி தெரிந்த ஒருவர் விளக்கினார்: ஒரு சைக்கிளில் இரண்டு பேர் வரக் கூடாதாம், என்னைப் பந்தயத்திலிருந்து நீக்கிவிட்டார்களாம். அதுவரை காற்றுக் குறைவு என்று மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு தேற்றிக்கொள்ள ஒன்றுமில்லை.

ஆவடி ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி நான் சைக்கிளில் ஏறியதும், பின்னாலிருந்து "ஊடு வந்துச்சா?" என்றார். "இன்னும் இல்லப்பா" என்று பொய் சொன்னேன். ஏன் தெரியுமா? அவர் மனைவி சுசீலா எங்களுக்கு எதிர்வீடு. ஒரு வருஷமாகப் பொட்டை அழிக்கவில்லை, பூவை விடவில்லை. "ஒடம்பக் காட்டுங்க, அப்பால அழுவுறேன்" என்று ஃபாக்டரி அதிகாரிகளையே திருப்பி அனுப்பியவள். இவர் இந்தக் கோலத்தில் அவள் வாசலில் இறங்கினால் செத்தது உறுதியாகிவிடும். அவள் தாலியை என் சைக்கிள் வந்து அறுப்பதா? நினைத்தாலே அழுகை வருகிறது மச்சான். அதனால் பின்சந்து வழியாகவே போய்வருகிறேன். செலின் கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து தெளித்தாள். "சில்லுனு கீது" என்று மட்டும் சொன்னார். கொல்லையில் நிறுத்தியிருக்கிற சைக்கிளின் பின்டயர், ஆள் இல்லாமலே அமுங்கியிருக்கிறது. ஜெயகுமாரி அந்தப் பக்கமே போவதில்லை.

ஆகவே தாங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் தவறாமல் வந்து சைக்கிளைப் பூந்தமல்லிக்குக் கொண்டுபோய்விட வேண்டும். உங்களுக்குத்தான் இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாதே. கரையான்சாவடி வரும்போது மட்டும் பேச்சுக் கொடுக்காதீர்கள். அவர் பிறந்த இடம், யாராவது தெரிந்தவரைப் பார்த்து இறங்கிவிடப் போகிறார்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு முத்தங்களையும் பங்கிட்டுக் கொடுக்கவும். உங்கள் வீட்டு வாசலைத் தாண்டி எந்தக் கெட்டதும் உள்ளே வராமல் மாதா பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் பயந்த கணவன்
இக்னேஷியஸ்

பி.கு.: மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம். கடிதத்தை ஒட்டப் பசை தேடி உள்ளே போய்விட்டு வருவதற்குள் சுசீலா எங்கள் கொல்லையில் நிற்கிறாள். செலினிடம் கறிவேப்பிலை கேட்க வந்தவளாம். சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் "அது வந்தும்மா..." என்று இழுத்தேன். அவள் என்னைக் கவனிக்கவே இல்லை. வெறும் கேரியரைப் பார்த்து, "எம்மா நேரம் அங்கியே குந்திகினு கீற? எறங்கி வாய்யா, சோறு ஆறுது" என்றாள். டயர் மெல்ல மேலே எழும்பியது. நெற்றிப் பொட்டு கலையாமல் அவள் முன்னால் நடந்து போனாள். இப்போதுதான் கையில் ஒரு பாத்திரத்தோடு மறுபடி வந்தாள். "யக்கா, உங்க ஊட்ல சோறு கீதா? மறுசோறு கேக்குறாரு, பத்தல" என்றாள். செலின் பானையையே தூக்கிக் கொடுத்துவிட்டாள். இன்று மதியம் எங்களுக்குச் சாப்பாடு இல்லை.