சி.ஐ.டி.யும் காணாமல் போன நண்டும்

காலையில் பல் விளக்குவதற்கு முன்பே யாரையாவது சந்தேகப்பட்டுவிடும் ஒரே பெண், எனக்குத் தெரிந்து, எங்கள் சி.ஐ.டி.தான். தோணிரேவு என்ற ஏரிக்கரை ஊருக்குப் பக்கத்துப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய உண்மையான பெயர் வாத்தியார்களுக்கே மறந்துபோயிருந்தது.

ஒருமுறை தலைமையாசிரியரின் கண்ணாடியைக் காணோம். சி.ஐ.டி. வாசல் மணலில் இருந்த காலடிகளைச் சுற்றியெல்லாம் குச்சியால் கோடு போட்டு, ஒருவரையும் வெளியே விடவில்லை. கண்ணாடி அவர் தலையிலேயே ஏறி உட்கார்ந்திருந்தது.

"எனக்கு முதல்லயே தெரியும் சார். யாரு சொல்றாங்கனு பாத்துகினு இருந்தேன்" என்றாள்.

கணக்குப் பரீட்சையில் தொட்டியிலிருந்து தண்ணீர் கசிந்தால் போதும். எவ்வளவு கசிந்தது என்பதை விட்டுவிட்டு, ஓட்டை போட்டவன் யார் என்று பக்கம் முழுக்க எழுதிவைப்பாள். முட்டைதான் கிடைக்கும். கவலையே பட மாட்டாள்.

அவள் கவலைப்பட்டது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். அது என் டிபன் பாக்ஸில் தொடங்கியது. மத்தியானம் திறந்தால் நண்டுக் குழம்பில் நண்டே இல்லை, வெறும் குழம்பு. சி.ஐ.டி. வகுப்புக் கதவைச் சாத்தினாள். வரிசையாக எல்லோர் விரலையும் மோந்து பார்த்தாள். ஏரிக்கரைப் பிள்ளைகள்; நாற்பது பேர் கையிலும் நண்டு வாசனைதான். ஒருத்தி கையில் மட்டும் சோப்பு மணத்தது. ஸ்டெல்லா. சி.ஐ.டி.யின் உயிர்த் தோழி.

"இன்னாத்துக்குடி இம்மாஞ் சோப்பு போட்ட? இன்னாத்த மறைக்கிற?"

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டெல்லா பையை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனாள். மறுநாளிலிருந்து பள்ளிக்கே வரவில்லை.

நண்டு காணாமல் போன அன்று சாயங்காலமே உண்மை தெரிந்துவிட்டது. நான் வீட்டில் கேட்டதும் எங்கள் நைனா வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். "ஏரிக்குப் போற அவசரத்துல நான்தாம்மா துன்னுட்டேன்."

மறுநாள் சி.ஐ.டி.யிடம் சொன்னபோது அவள் முகம் செத்துப்போனது. இரண்டு நாளில் வகுப்பில் ஒரு பேச்சு கிளம்பியது: ஸ்டெல்லா படிப்பை நிறுத்திவிட்டாள், மெட்ராஸில் வீட்டு வேலைக்கு அனுப்பப்போகிறார்கள். சி.ஐ.டி. அந்த வாரம் யாரையும் சந்தேகப்படவில்லை. சோறும் சரியாக இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை என்னை இழுத்துக்கொண்டு ஸ்டெல்லா வீட்டுக்குப் போனாள். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஏரியைக் கை காட்டினார். அங்கே இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள் ஸ்டெல்லா. பிடித்ததைப் போடுகிற பறியை, அந்தச் சின்ன ஓலைக்கூடையை, பல்லில் கவ்வியிருந்தாள்.

சி.ஐ.டி. செருப்போடு தண்ணீரில் இறங்கினாள்.

"ஸ்டெல்லா, நான் பண்ணது தப்புடி. நண்ட இவ நைனா துன்னுட்டாரு. நீ படிப்ப வுட்டுடாதடி."

ஸ்டெல்லா குனிந்து சேற்றைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேக்கறேன். ஒரு வார்த்த பேசுடி!"

ஸ்டெல்லா முறைத்தாள். சி.ஐ.டி. ஓவென்று அழத் தொடங்கினாள். கரையில் நின்ற நானும் தண்ணீரில் இறங்கினேன். அப்போதுதான் ஸ்டெல்லா பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"பறியக் கடிச்சிகினு எப்டிடி பேசுறது, லூசு?"

ஸ்டெல்லாவின் அம்மா கையில் கெளுத்தி மீன் முள் குத்தி வீங்கிவிட்டதாம். முதலில் விடியற்காலையில் மட்டும் அம்மாவுக்குப் பதிலாக ஸ்டெல்லா இறால் பிடித்திருக்கிறாள். பள்ளிக்கு வருமுன் சேற்று நாற்றம் போகச் சோப்புப் போட்டிருக்கிறாள். வீக்கம் அதிகமானதும் நாள் முழுக்க அவளே இறங்க வேண்டியதாகிவிட்டது.

"அப்ப நீ என்னால ஸ்கூலுக்கு வராம நிக்கலயா?"

"உன் மூஞ்சிக்கு நான் படிப்ப வுடுவனா? வீக்கம் வடிஞ்சிடுச்சு. திங்கக்கிழம வரேன். ஆனா, உம்மேல கோவம் கீது."

"கோவம் இருக்கட்டும்டி, இருக்கட்டும்" என்று சி.ஐ.டி. சேறும் கண்ணீருமாகச் சிரித்தாள். அன்று மத்தியானம் வரை மூன்று பேரும் இறால் தடவினோம். சி.ஐ.டி. கையில் ஒன்றுகூட அகப்படவில்லை.

இப்போது நான் சென்னையில் ஹாஸ்டலில் இருக்கிறேன். போன மாதம் காய்ச்சலில் படுத்துவிட்டேன், போனை எடுக்கவில்லை. சாயங்காலம் யாரோ கதவை இடித்தார்கள்.

"இன்னாடி, உயிரோடதான் கீறியா?"

சி.ஐ.டி.யின் குரல். எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்குவதற்குள் எனக்குப் பாதிக் காய்ச்சல் இறங்கியிருந்தது.