தேவாங்கின் டர்போவும் கீரியின் பெட்டியும்

ஒரு காட்டில், மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று பலகை வைத்த ஒரே ஒரு மலைச்சாலையில் ஓட்டுவதற்காக, இருநூறு வரை முள் ஏறும் டர்போ கார் ஒன்றைத் தேவாங்கு வாங்கியது.

தேவாங்கின் பெயர் சிங்கராயன். பெயர் வைத்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள், கொஞ்சம் வளரவிட்டுப் பார்த்திருக்கலாம். உடம்பு ஒரு சாண்தான். கண்கள் மட்டும் முகத்தில் இடம் போதாமல் வெளியே வந்து நின்றன. அந்தக் கண்களுக்காகவே அதற்கு அரசாங்க வேலை கிடைத்திருந்தது.

வேலை இதுதான். காட்டின் ஏரியில் இருபது கோடு போட்ட அளவுக்கல் ஒன்று நட்டிருந்தார்கள். தேவாங்கு தினமும் காலையில் கரைக்குப் போய், தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து, ஒரு சீட்டில் எழுதி, எட்டு மணிக்குள் புலி ராஜாவின் அரண்மனை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அங்கிருந்து சீட்டு மேல்காட்டுக்குப் போகும். அணை மேல்காட்டு யானைகளின் பொறுப்பில் இருந்தது. சீட்டில் எண் குறைந்திருந்தால் மதகை அதிகம் திறப்பார்கள், கூடியிருந்தால் இறக்குவார்கள். காடு மொத்தமும் குடிக்கிற தண்ணீர் அந்த ஒரு துண்டுச் சீட்டில்தான் இருந்தது.

பதினொரு வருஷமாகச் சிங்கராயன் அரைக்கோடு கூட மாற்றி எழுதியதில்லை. கல்லில் பாசி படிந்த நாட்களில் கழுத்தளவு தண்ணீரில் இறங்கித் துடைத்துவிட்டுப் பார்க்கும். அதற்கு உலகத்தில் வேறு பெருமை எதுவும் கிடையாது.

சிக்கல், நேரத்தால் வந்தது. முன்பெல்லாம் சீட்டு வருகிறபோது வரும், யாரும் கேட்டதில்லை. இப்போது அலுவலக வாசலில் விரல் வைக்கும் இயந்திரம் ஒன்றை மாட்டிவிட்டார்கள். எட்டு அடித்து ஒரு நிமிஷம் ஆனால் அது சிவப்பாக எரியும். தேவாங்கு விரலை நீட்டத் தொடங்கும்போது ஏழு ஐம்பத்தெட்டு. விரல் போய்ச் சேரும்போது எட்டு மூன்று. இரண்டு மெமோ வந்துவிட்டது. மூன்றாவது வந்தால் வேலை செந்நாய்க்குப் போகும் என்று புலி சொல்லி அனுப்பியிருந்தது. செந்நாய்க்கு எண்ணத் தெரியாது. ஆனால் ஏழரைக்கே வந்துவிடும்.

அதற்காகத்தான் கார். கார் நன்றாகத்தான் இருந்தது. ஓட்டுகிற கால் தேவாங்கின் கால். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கலாம் என்று அது முடிவெடுத்ததற்கும் கால் கீழே போய்ச் சேர்வதற்கும் நடுவில் ரேடியோவில் ஒரு முழுப்பாட்டு முடிந்துவிடும். பின்னால் வந்த நத்தை இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டு ஓவர்டேக் செய்து போனது. சிங்கராயன் இதைக் காலின் குறை என்று நினைக்கவில்லை. வண்டியில் பவர் பத்தவில்லை என்று நினைத்தது. கார் வாங்கிய எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அதை மட்டும் குறை சொல்லி என்ன.

ஆறாவது கொண்டை ஊசி வளைவில் கீரி ஒன்று கடை போட்டிருந்தது. பெயர் மாசிலாமணி. "இங்கு பவர் ஏற்றித் தரப்படும்" என்று பலகை. சிங்கராயன் வந்து குறையைச் சொல்லி முடிக்கும்வரை கீரி நான்கு வண்டிக்கு ஆயில் மாற்றியது. பிறகு சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டியது. இரண்டு பக்கமும் வயர், வயர் நுனியில் சாக்கெட்.

"அண்ணே, இன்ஜின்ல ஒரு சென்சார் இருக்கு. டர்போ எவ்வளவு காத்தை அழுத்துதுன்னு பாத்து வண்டியோட கம்ப்யூட்டருக்குச் சொல்றது அதோட வேலை. நம்ம பெட்டி ரெண்டுக்கும் நடுவுல உக்காந்துக்கும். சென்சார் பத்துன்னு சொன்னா, பெட்டி ஏழுன்னு சொல்லும். கம்ப்யூட்டர் அடடா கம்மியா இருக்கேன்னு இன்னும் கொஞ்சம் அழுத்தும். அவ்வளவுதான் டெக்னாலஜி."

சிங்கராயன் பெட்டியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தது.

"பொய் சொல்லுமா?"

"பொய்யில்லண்ணே. ட்யூனிங்."

தேவாங்குக்கு இது பிடிக்கவில்லை. அதுவும் ஒரு வகையில் சென்சார்தானே. தான் பத்து என்று எழுதியதை நடுவில் ஒருத்தன் ஏழு ஆக்கினால் எப்படி இருக்கும் என்று யோசித்தது. யோசித்துக்கொண்டே சட்டைப்பையில் கை வைத்தபோது இரண்டு மெமோவும் தட்டுப்பட்டன. சரி என்று தலையாட்டியது. தலை ஒருமுறை ஆடி முடிவதற்குள் கீரி பானெட்டைத் திறந்துவிட்டிருந்தது.

வேலை பத்து நிமிஷம்தான். சாவியை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் தூங்கட்டும் என்று கால்மணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு கீரி இன்ஜின் இடுக்கில் வால் மட்டும் வெளியே தெரிய நுழைந்து, சென்சாரின் சாக்கெட்டைக் கழற்றியது. நடுவில் பெட்டியைச் செருகியது. சூடு படாத மூலையாகப் பார்த்து ஸ்பாஞ்ச் வைத்து பிளாஸ்டிக் டையால் இறுக்கிக் கட்டியது. பெட்டியில் மூன்று மோடு இருந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்கு முதல் மோடே போதும் என்று அறிவுரை சொல்லிக்கொண்டே மூன்றாவது மோடில் வைத்தது. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்தது. கடைசியாகக் காதருகே வந்து, சர்வீஸுக்கு விடுவதற்கு முன்னால் பெட்டியைக் கழற்றிவிட வேண்டும், கேட்டால் அப்படி எதுவும் மாட்டவில்லை என்று சொல்லிவிட வேண்டும் என்றது.

மறுநாள் காலை தேவாங்கு ஏரியைப் பார்த்து எழுதிவிட்டு ஆக்ஸிலரேட்டரில் காலை வைத்தது. வண்டி பாய்ந்தது. அரண்மனை வாசல் வந்ததும் காலை எடுக்கலாம் என்று தீர்மானித்தது. மெதுவாகப் போகிற கால் மெதுவாகத்தானே வரும். அரண்மனை போயிற்று, மான் காலனி போயிற்று, காட்டின் எல்லைக்கல்லும் போயிற்று. திரும்பி வந்து விரல் வைத்தபோது மணி ஏழு ஐம்பது. இயந்திரம் பச்சையாக எரிந்தது. தேவாங்கு வாழ்க்கையில் முதன்முறையாகப் பச்சை பார்த்தது. அடுத்த நாளிலிருந்து மூன்றாவது வளைவிலேயே காலை எடுக்கத் தொடங்கி, சரியாக வாசலில் வந்து நிற்கப் பழகிக்கொண்டது.

மூன்று வாரம் இப்படிப் போனது. பிறகு டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு இன்ஜின் விளக்கு எரிந்தது. கூடவே விசில் சத்தம். சிங்கராயன் சர்வீஸ் சென்டருக்குப் போனது. அங்கே கொக்கு ஒற்றைக் காலில் நின்று படிவம் கொடுத்தது. படிவத்தில் பதினேழாவது கேள்வி, வண்டியில் வெளிப்பொருள் ஏதாவது பொருத்தப்பட்டுள்ளதா என்பது. இதுவரை அந்தக் கேள்விக்கு அந்தக் காட்டில் யாரும் ஆம் என்று எழுதியதில்லை. சிங்கராயன் ஆம் என்று எழுதி, எங்கே, என்றைக்கு, எந்த மோடு என்பதையும் எழுதியது.

கொக்கு வருத்தப்பட்டது. இல்லை என்று எழுதியிருந்தால் தானும் பார்க்காத மாதிரி இருந்திருப்பேனே சார் என்று சொல்லிவிட்டு, வாரண்டி இனி செல்லாது என்று முத்திரை குத்தியது. விளக்கும் அணையவில்லை, விசிலும் நிற்கவில்லை. போகும்போது இன்னொரு படிவத்தை நீட்டி, கம்பெனியிலிருந்து கேட்பார்கள், பத்துக்குப் பத்து போட்டுவிடுங்கள் சார், ஒன்பது போட்டால் கூட என் சம்பள மீனை வெட்டிவிடுவார்கள் என்று கெஞ்சியது. சிங்கராயன் நடந்ததையெல்லாம் நினைத்துப் பார்த்து நான்கு போட்டது.

கொக்கு அன்றைக்கே அரண்மனைக்கு மொட்டைக் கடிதம் எழுதியது. அரசு ஊழியர் ஒருவர் விதிக்குப் புறம்பான பொருளை மாட்டிக்கொண்டு அலைகிறார் என்று.

புலி கூப்பிட்டு விசாரித்தது. மூன்றாவது மெமோ இதுதான் என்று நினைத்து, சிங்கராயன் எல்லாவற்றையும் சொன்னது. பத்தை ஏழு என்று சொல்வது, அதனால் வண்டி கூடுதலாகக் கொடுப்பது, எதையும் மறைக்கவில்லை. புலி பாதிக் கதையிலேயே எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டது. கம்மியாகச் சொன்னால் அதிகமாகக் கிடைக்குமாமே. தண்ணீர் கூடினால் புல் கூடும், புல் கூடினால் மான் கூடும், மான் கூடினால் மேற்கொண்டு ராஜாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுநாள் கீரி மாசிலாமணிக்கு அரண்மனையில் நாற்காலி போட்டார்கள். சிங்கராயன் சீட்டு கொடுக்கிற ஜன்னலுக்கும், யானைகளுக்குச் சீட்டு எடுத்துப்போகிற காகத்துக்கும் நடுவில் அந்த நாற்காலி. கீரி சீட்டை வாங்கும், நாலில் ஒரு பங்கைக் கழிக்கும், வேறு சீட்டில் எழுதிக் காகத்திடம் கொடுக்கும். பதவியின் பெயர் நீர்வள ஒருங்கிணைப்பாளர்.

சிங்கராயன் ஜன்னலில் நின்று இதைப் பார்த்தது. மறுநாள் புலியிடம் போய், பதினொரு வருஷமாகத் தன் சீட்டு அப்படியே போய்ச் சேர்ந்தது, இனியும் அப்படியே போகட்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று கேட்டது. கேட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. புலி பொறுமையாகக் கேட்டது.

"உன்னை யாராவது பொய் எழுதச் சொன்னாங்களா? நீ சரியாவே எழுது. சரியா எழுதினாத்தான் கழிக்கிறவனுக்குக் கணக்கு வரும்."

மறுநாள் காலையும் தேவாங்கு சரியாகவே எழுதிக் கொடுத்தது.

பன்னிரண்டு ஒன்பதாகப் போனது. பதினாறு பன்னிரண்டாகப் போனது. யானைகள் மதகைத் தூக்கிக்கொண்டே இருந்தன. ஏரி தளும்பியது, புல் முளைத்தது, மான்கள் கொழுத்தன. தவளைகள் புலிக்கு நன்றி தெரிவித்து ஃப்ளெக்ஸ் வைத்தன. சிங்கராயன் இருபது என்று எழுதிக் கொடுத்த நாளில் கீரி பதினைந்து என்று எழுதிவிட்டு, ரொம்ப உஷாராகத்தான் போகிறேன் அண்ணே என்று தைரியம் சொன்னது.

அதற்கு அடுத்த காலை சிங்கராயன் கரைக்குப் போனபோது அளவுக்கல் இல்லை. தண்ணீர் அதன் தலைக்கு மேல் போய்விட்டது. தேவாங்கு ஒரு காட்டையே காப்பாற்ற வேண்டிய அவசரத்தில், தனக்குத் தெரிந்ததிலேயே உண்மையான வாக்கியத்தை எழுதியது: "கல் தெரியவில்லை." காரில் ஏறிக் காலை அடிவரைக்கும் அமுக்கியது. விசில் அலறலானது. அரண்மனை வாசலில் டர்போ வெடித்து, வண்டி வெள்ளைப் புகையோடு செத்து நின்றது. மணி ஏழு நாற்பத்தைந்து. இயந்திரம் பச்சை.

கீரி சீட்டை வாங்கிப் பார்த்தது. எண் இல்லை. எண் இல்லாததில் நாலில் ஒரு பங்கை எப்படிக் கழிப்பது. நடுவில் உட்காருகிற பெட்டி என்றால் ஏதாவது ஒரு எண் கொடுத்தாக வேண்டும். கல்லே தெரியவில்லை என்றால் அளவே இல்லை என்று அர்த்தம், அளவு இல்லை என்றால் பூஜ்யம். சிங்கராயன் ஜன்னலைத் தட்ட முடிவெடுத்து, கை கண்ணாடிக்கு அருகில் வந்தபோது காகம் பறந்துவிட்டது.

மேல்காட்டில் பூஜ்யத்தைப் பார்த்த யானைகள் கண்ணீர் விட்டன. கீழே ஒரு சொட்டுக்கூட இல்லையாமே என்று எல்லா மதகுகளையும் ஒன்றாகத் தூக்கின. ஆறுதல் கடிதம் ஒன்றும் அனுப்பின. வெள்ளம் கடிதத்தை முந்திக்கொண்டு வந்தது.

கரை உடைந்தது. முயல்களின் வளைகள் போயின, தவளைகளின் ஃப்ளெக்ஸ் போயிற்று, சிங்கராயனின் காரும் போயிற்று. மான்கள் எதிர்ப்பக்கத்து மேட்டில் ஏறிக்கொண்டன. அந்த மேடு புலிக்கு எட்டாத மேடு.

மூன்றாம் நாள், வெள்ளத்துக்கு வெளியே தெரிந்த ஒரு பாறையில் விசாரணைக் கமிஷன் கூடியது. தலைவர் புலி. நிபுணர் கீரி. எதனால் இப்படி ஆயிற்று என்று புலி கேட்டது. கீரி உடைந்த கரையைக் குனிந்து பார்த்தது, காதை வைத்துக் கேட்டது, ஒரு கல்லைத் தட்டிப் பார்த்தது. பிறகு வாலைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தது.

"சென்சார் போயிடுச்சு ராஜா. மாத்திரலாம்."

எல்லோரும் சிங்கராயனைப் பார்த்தார்கள். தேவாங்கு வாயைத் திறக்கத் தொடங்கியது. சொல்வதற்கு ஒன்றே ஒன்றுதான் அதனிடம் இருந்தது. வாய் பாதி திறந்தபோது தீர்மானம் வாசிக்கப்பட்டது. முக்கால் திறந்தபோது செந்நாய் பதவி ஏற்றது. முழுவதும் திறந்தபோது டீ குடித்துவிட்டு எல்லோரும் போயிருந்தார்கள். கீரி மட்டும் தன் வயர்களைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டிருந்தது.

"நான் சரியாத்தான் எழுதினேன்," என்றது சிங்கராயன்.

"தெரியும்ணே. நீங்க சரியா எழுதினதாலதான் எனக்கு உத்தியோகமே கிடைச்சுது. இந்தச் செந்நாய்க்கு எண்ணத் தெரியாதே, இனிமே நான் எதைக் கழிக்கிறது?"

அதனால் மாசிலாமணி அந்தக் காட்டில் தங்கவில்லை. மேல்காட்டு யானைகளுக்கு மழைக்கணக்கு எடுக்கிற ஆமை ஒன்று இருந்தது. இருபது வருஷமாக ஒரு துளி தவறாமல் எழுதுகிற ஆமையாம். அதற்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுவிட்டு, யானைகள் ஆள் அனுப்பியிருந்தன.

நீதி: எந்த வண்டி வெடித்தாலும் தூக்கி எறியப்படுவது சென்சார்தான். ஆகவே குழந்தைகளே, வளர்ந்து பெட்டியாகுங்கள். வண்டி போனாலும் கழற்றி அடுத்த வண்டியில் மாட்டிக்கொள்வார்கள்.